புரோகிராமர் த்ரில்லர் எழுதுவது எப்படி?

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓட, பத்தே நொடியில் கதாநாயகன் வங்கியை உடைக்கும் காட்சியைப் பார்க்கும்போது, மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் "இப்படியெல்லாம் நடக்காதுப்பா" என்று முணுமுணுப்பார்கள். அடுத்த யோசனை தானாக வரும்: எப்படி நடக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே, நானே ஒரு நாவல் எழுதினால் என்ன?

எழுதலாம். எழுதி வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தொழில்நுட்பம் தெரிந்திருப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது. வேலையில் நீங்கள் பார்த்த மனிதர்கள்தான் உதவுவார்கள்: எச்சரிக்கையை மியூட் செய்துவிட்டுத் தூங்கப் போனவர், அவசரத்தில் அனுமதி கொடுத்த மேலாளர், தெரிந்தும் வாய் திறக்காத ஜூனியர். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள எல்லாமே சுலபமாகும்.

ஏற்கெனவே இந்தப் பாதையில் போனவர்கள்

டேனியல் சுவாரஸ் மென்பொருள் ஆலோசகராக இருந்தவர். பதிப்பாளர் கிடைக்காமல் முதல் த்ரில்லரை 2006-இல் சொந்தமாக வெளியிட்டார், அதுவும் தன் பெயரைத் திருப்பிப்போட்ட புனைபெயரில். தொழில்நுட்ப வட்டாரத்தில் ஒருவர் சொல்லி ஒருவர் வாங்க, 2009-இல் ஒரு பெரிய பதிப்பகம் அதையே மறுபடி வெளியிட்டது. ஆண்டி வியர் முழுநேரமாக எழுதிப் பார்த்து, எதுவும் வெளியாகாமல், புரோகிராமர் வேலைக்கே திரும்பியவர். பிறகு வேலையில் இருந்தபடியே 2009 முதல் தன் வலைத்தளத்தில் ஒரு கதையை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். அறிவியல் பிழைகளை வாசகர்களே திருத்தினார்கள். 2014-இல் அந்தக் கதை அச்சுப் புத்தகமாக வந்து, அடுத்த ஆண்டே திரைப்படமும் ஆனது. மார்க் ரஸ்ஸினோவிச் விண்டோஸின் உள்விவகாரங்களில் உலகறிந்த நிபுணர். மைக்ரோசாஃப்ட்டில் உயர்பதவியில் இருந்துகொண்டே 2011-க்கும் 2014-க்கும் இடையில் மூன்று சைபர் த்ரில்லர்கள் எழுதினார். வேலையை விடவே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்துக்கொண்டே தொடர்கதையும் எழுதிய சுஜாதாவைப் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

இவர்கள் யாரும் ராஜினாமா கடிதத்தோடு ஆரம்பித்து ஜெயிக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கருவைத் தேடுவது

புதியவர்கள் பெரும்பாலும் "ஒரு செயற்கை நுண்ணறிவு உலகையே கைப்பற்றுகிறது" என்று தொடங்குவார்கள். வேண்டாம். விபத்து அறிக்கைகளைப் படியுங்கள். பெரிய கோளாறுகளுக்குப் பிறகு நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் வெளியிடும் விசாரணை அறிக்கைகளைவிட நல்ல த்ரில்லர் பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2012 ஆகஸ்ட் 1. புதிய நிரல் (கோடு) எட்டு சர்வர்களில் ஏற வேண்டும்; ஒன்றில் மட்டும் ஏறவில்லை. எப்போதோ கைவிடப்பட்ட பழைய கோடு ஒன்று அந்தச் சர்வரில் படுத்துக் கிடந்தது. புதிய வசதிக்குப் பழைய ஃபிளாகையே (ஒரு வசதியை இயக்கச் சொல்லும் சுவிட்ச் போன்றது) மறுபடி பயன்படுத்தியிருந்ததால் அது விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். நிறுவனமே கைமாறிப்போனது. புரோகிராமருக்கு இங்கே கண்ணில் படுவது ஃபிளாக். நாவலாசிரியருக்குப் பட வேண்டியது வேறு. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே அந்தக் கோளாறைக் குறிப்பிட்டு உள்ளுக்குள் 97 மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. அவற்றை எச்சரிக்கை என்று யாரும் வடிவமைக்கவில்லை. யாரும் அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவும் இல்லை. அந்த 97-இல் ஒன்றை மட்டும் ஒருவர் திறந்து படித்துவிட்டு மூடியிருந்தால்? கற்பனை அந்த இடத்தில் நுழையலாம். அவர் யார், ஏன் மூடினார், மதியம் விசாரணை அறையில் என்ன சொல்வார்? நாவல் கிடைத்துவிட்டது.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரைத் திருட நடந்த முயற்சியையும் பாருங்கள். 8.1 கோடி டாலர் போயே போனது. திருடர்கள் நாள்காட்டியைப் படித்திருந்தார்கள். வியாழன் இரவு தொடங்கினார்கள். வங்கதேசத்தில் வெள்ளி, சனி விடுமுறை. அங்கே ஆள் வரும்போது நியூயார்க்கில் வார இறுதி விடுமுறை. திங்களன்று பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. பரிவர்த்தனைகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதை ஊழியர்கள் வழக்கமான கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு பெரும் தொகை தப்பியது பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால். இதை நீங்கள் கற்பனையாக எழுதிக் கொடுத்திருந்தால் "பிரிண்டரா? நம்ப முடியவில்லையே" என்று எடிட்டர் திருப்பி அனுப்பியிருப்பார்.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்ஸெட் பேக்டோர் (ரகசியப் பின்வாசல்) விவகாரம் இன்னும் நுட்பமானது. உலகெங்கும் சர்வர்களில் இருக்கும் ஒரு சிறிய திறந்தமூல மென்பொருள், அதாவது யாரும் பார்த்துப் பங்களிக்கக்கூடியது. அதைப் பராமரித்தவர் கிட்டத்தட்ட தனி ஆள், களைத்துப்போனவர். ஒரு புதியவர் வந்து இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்தார். வேறு சில பெயர்கள் பராமரிப்பாளரை "வேலை மெதுவாக நடக்கிறது" என்று நச்சரித்தன. பொறுப்பு கைக்கு வந்ததும் பின்வாசல் வைக்கப்பட்டது. லாகின் ஆக அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு பொறியாளர் நோண்டிப் பார்த்ததில் எல்லாம் அம்பலமானது. அரை நொடி பிரமாதமான கிளைமாக்ஸ்தான், ஆனால் கதை அந்த இரண்டு வருட நட்பில் இருக்கிறது. களைத்துப்போன ஒருவரிடம் அன்பாகப் பேசியே ஒரு கதவைத் திறக்க வைத்தார்கள் என்பதைவிட பயங்கரமான த்ரில்லர் கரு எது?

எந்த அறிக்கையைப் படித்தாலும் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். முதலில் யாருக்குத் தெரிந்தது? அவர் ஏன் உடனே சொல்லவில்லை? சொன்னபோது நம்ப மறுத்தவருக்கு அதில் என்ன லாபம்? மூன்றுக்கும் பதில் கிடைக்காத சம்பவம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எழுதும் முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

சலிப்பான படி, தாண்டக் கூடாத படி. நிறைய மென்பொருள் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில், வேலைக் காலத்தில் நீங்கள் உருவாக்குபவை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு பிரிவு இருக்கும். சிலவற்றில் வெளி வருமானத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்றும் இருக்கும். நாவல் அதில் அடங்குமா என்பது வார்த்தைகளைப் பொறுத்தது. சந்தேகம் இருந்தால் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அலுவலக லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேறு விஷயம். உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க் அமைப்பு, வாடிக்கையாளர் விவரம், இன்னும் சரிசெய்யப்படாத ஓட்டை எதுவும் நாவலில் வரக்கூடாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, சக ஊழியர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வேறு வேறு காலத்தில் வேறு வேறு இடத்தில் நடந்தவற்றைக் கலந்து ஒன்றாக்குங்கள். சட்டப்படியும் பாதுகாப்பு, கதையும் நன்றாகும். உண்மையில் இயங்கும் தாக்குதல் நிரலையும் அச்சில் ஏற்ற வேண்டியதில்லை. வாசகர் அதை இயக்கிப் பார்க்கப் போவதில்லை.

கதாநாயகருக்கு ரூட் அக்சஸ் கொடுக்காதீர்கள்

எல்லாச் சர்வரிலும் நுழையத் தெரிந்த மேதையை வைத்துக் கதை சொல்வது கடினம். தடையே இல்லாதவருக்கு என்ன கதை? லாகை (கணினி தானாக எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) படிக்க மட்டும் அனுமதி உள்ள, திருத்த அனுமதி இல்லாத ஒரு ஜூனியரை யோசித்துப் பாருங்கள். தப்பு நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது, தடுக்கக் கைக்கு அதிகாரம் இல்லை. யாரிடமாவது போய்க் கேட்டாக வேண்டும். கேட்டவுடன் அவளுக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். நாம் தினமும் சலித்துக்கொள்ளும் அந்த அனுமதிப் படிநிலை, நாவலில் முடிச்சு போடும் இயந்திரமாக வேலை செய்கிறது.

வில்லனுக்கும் இதே விதி. அவருக்கும் மேலதிகாரி இருக்கட்டும், கெடு இருக்கட்டும், தூக்கம் கெடட்டும்.

கதைக்குக் கடிகாரம் வேண்டும் என்று எல்லா எழுத்துப் பயிற்சியிலும் சொல்வார்கள். வெடிகுண்டை இரவல் வாங்க வேண்டாம், நம்மிடமே நல்ல கடிகாரங்கள் உண்டு. முப்பது நாளில் தானாக அழியும் லாக். ஞாயிறு இரவு பழைய பேக்கப்பின் மேல் புதியது எழுதப்படும் வேளை. நள்ளிரவில் மொத்தமாகத் தானே ஓடும் வேலை (பேட்ச் ஜாப்). காலாவதியாகப் போகும் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ். ஆதாரம் இன்னும் ஒன்பது மணி நேரத்தில் தானாகவே அழிந்துவிடும், அழிக்க எந்த வில்லனும் தேவையில்லை என்ற நிலை வாசகரை நன்றாகவே படுத்தும்.

எதை யார் அறிவார் என்ற அட்டவணை

எழுதத் தொடங்கும் முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். காட்சிக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: கதையில் நேரம், இடம், யார் இருக்கிறார்கள், அந்தக் காட்சியின் முடிவில் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், கடைசியாக வாசகருக்கு என்ன தெரியும். அந்தக் கடைசி நெடுவரிசைதான் முக்கியம். அதில் தொடர்ந்து மூன்று வரி மாறாமல் இருந்தால் அந்த மூன்று காட்சியில் இரண்டு தேவையில்லை. இரண்டு நாடுகளில் நடக்கும் கதை என்றால் எல்லா நேரத்தையும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) குறித்துவிட்டு, பிறகு உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். நேர வித்தியாசத்தில் வழுக்கி விழும் த்ரில்லர்கள் நிறைய. நீங்கள் விழுந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

தொழில்நுட்பத்தைப் பக்கத்தில் எழுதும் விதம்

பெரும்பாலான முதல் வரைவுகள் சாகும் இடம் இது. ஒரு புரோகிராமர் இயல்பாக எழுதுவது இப்படி இருக்கும்:

"நித்யா டெர்மினலைத் திறந்து ஆத் லாக்கைச் சோதித்தாள். பாஸ்டியன் சர்வர் வழியாக ஒரு எஸ்எஸ்ஹெச் செஷன் உருவாகியிருந்தது. பப்ளிக் கீ சரிபார்ப்பு வெற்றி. வெளியேறிய ஊழியரின் யூசர் ஐடி முடக்கப்படாததால் இது சாத்தியமாகியிருக்கும் என்று ஊகித்தாள்."

ஒரு பிழையும் இல்லை. ஒரு பயமும் இல்லை. இதையே மாற்றி எழுதினால்:

"மணி 2:47. உள்ளே வந்திருப்பவரின் பெயரை நித்யா இரண்டாவது முறை படித்தாள். கதிர்.

அவள் உட்கார்ந்திருந்தது கதிரின் நாற்காலி. விபத்துக்குப் பிறகு அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவனுடைய கண்ணாடிக்கூடு இழுப்பறையில் அப்படியே இருந்தது. எடுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

திரையில் கதிர் ஒரு கோப்பைத் திறந்தான். மூடினான். அடுத்ததைத் திறந்தான்.

அவன் கணக்கை மூடச் சொல்லி வந்த டிக்கெட் நான்கு மாதமாக அவள் பெயரில்தான் கிடந்தது."

இரண்டாவதில் தொழில்நுட்பத் தகவல் ஒன்றே ஒன்று: போனவரின் கணக்கு மூடப்படவில்லை. பாஸ்டியன், கீ எல்லாம் போய்விட்டன. அவற்றுக்குப் பதில் வந்தது நித்யாவின் குற்றம். இப்போது அவள் யாரிடமாவது சொன்னால் தன் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் அடுத்த கோப்பைத் திறப்பார். அடுத்த காட்சி தானாக நகரும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை இது: ஒரு காட்சிக்கு ஒரு புதிய தொழில்நுட்பத் தகவல் போதும். அது வாசகரைத் தாக்கும் இடத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மேலே உள்ள காட்சி வேலை செய்ய வேண்டுமானால், இரண்டு மூன்று அத்தியாயங்களுக்கு முன்பே, நித்யா சலிப்போடு அந்த டிக்கெட்டை 'அடுத்த வாரம்' என்று தள்ளிப்போடும் ஒரு வரி வந்திருக்க வேண்டும். அப்போது வாசகர் அதைக் கவனிக்காமல் தாண்டுவார். அதுதான் வேண்டும்.

வெர்ஷன் எண்களையும் அந்த வருடத்துப் புதுக் கருவிகளின் பெயர்களையும் தவிருங்கள், சீக்கிரம் பழசாகிவிடும். 1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர், கணினிக் கணக்கு வழக்கில் 75 சென்ட் இடிக்கிறதே என்று தோண்டப்போய் ஒரு வெளிநாட்டு ஊடுருவலைக் கண்டுபிடித்தார். அந்தக் கணினிகள் இன்று காட்சிப்பொருள். கணக்கில் இடிக்கும் 75 சென்ட் இன்றும் சுவாரசியம்.

உண்மையில் ஊடுருவல் என்பது மெதுவான வேலை, வாரக்கணக்கில் காத்திருப்பது. அதைச் சுருக்கிப் பத்து நொடி ஆக்காமல், அந்தக் காத்திருப்பையே எழுதிப் பாருங்கள்.

தினசரி எழுத்து

நம் ஆட்களின் பெரிய வியாதி, எழுதுவதற்குப் பதிலாக எழுதும் கருவியைக் கட்டிக்கொண்டிருப்பது. அத்தியாயங்களை இணைக்கும் ஸ்கிரிப்ட், வார்த்தைகளை எண்ணும் டாஷ்போர்டு என்று ஒரு மாதம் போய்விடும். சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, காட்சிக்கு ஒன்று, கிட்டில் (பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும் கருவி) சேமிப்பு. போதும். பழைய வரைவு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் வெட்டுவதற்குக் கை கூசாது.

ஆங்கிலச் சந்தையில் த்ரில்லர் நாவல் வழக்கமாக 80,000 முதல் 1,00,000 வார்த்தைகள் இருக்கும். நாளுக்கு 500 வார்த்தை என்றால் 80,000-க்கு 160 நாள். ஆன்-கால் வாரத்தில் (கோளாறு வந்தால் எந்நேரமும் ஓட வேண்டிய முறை) எழுத முடியாது. அதை முன்கூட்டியே கணக்கில் கழித்துவிடுங்கள், வீண் குற்றவுணர்ச்சி மிச்சம். முதல் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஆசையை அடக்க, 'பிறகு பார்க்க' என்று ஒரு கோப்பு வைத்து, தோன்றும் திருத்தங்களையெல்லாம் அதில் தள்ளுங்கள். கடைசிக் காட்சி எழுதி முடித்த பிறகுதான் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். அப்போது பார்த்தால் அதில் பாதி தேவையே இருக்காது.

யாரிடம் படிக்கக் கொடுப்பது

இரண்டு வகை ஆட்கள் வேண்டும். கணினி பற்றி எதுவும் தெரியாதவர்களிடம் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்தப் பத்தியைத் தாண்டிப் படித்தீர்கள் என்று கேளுங்கள். தாண்டிய பத்திகளில் பெரும்பாலானவை நீங்கள் மிகவும் பெருமைப்பட்டவையாக இருக்கும். வெட்டுங்கள்.

துறை சார்ந்தவர்களிடம் ஒரே கேள்வி: கதையை உடைக்கும் தப்பு இருக்கிறதா? அவர்கள் நாற்பது சில்லறைத் திருத்தம் அனுப்புவார்கள். எந்தத் தப்பு வெளிப்பட்டால் முடிச்சே அவிழ்ந்துவிடுமோ அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

வெளியிடுவது

பதிப்பகம் வழியாகப் போவதென்றால், முதல் நாவலுக்கு முழுக் கைப்பிரதி தயாராக இருக்க வேண்டும். கதைச்சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 'மீதியை நாவலில் காண்க' என்பது எடிட்டரிடம் எடுபடாது. ஆங்கிலச் சந்தையில் ஏஜெண்ட் வழியாகத்தான் பெரிய பதிப்பகங்களுக்குள் போக முடியும். அவர்களின் வழக்கமான கமிஷன் உங்கள் வருமானத்தில் 15 சதவீதம். படித்துப் பார்க்கவே முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். உங்களைப் பற்றிய குறிப்பில் எத்தனை வருடம், எந்தத் துறை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். சான்றிதழ் பட்டியல் வேண்டாம்.

சொந்தமாக வெளியிட்டால் வேகமும் பங்கும் அதிகம். அமேசான் கிண்டிலில் மின்னூலின் விலையைப் பொறுத்து ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். ஆனால் எடிட்டர், அட்டை, விளம்பரம் எல்லாம் உங்கள் தலையில். பணத்தை எங்கே போடுவது என்று தடுமாறினால் முதலில் எடிட்டர், பிறகு அட்டை. மூன்றாவது வழி, தொடராக இணையத்தில் போட்டு வாசகர்களைச் சேர்ப்பது. நமக்கு இது பழகிய முறைதான்: சின்னச் சின்னதாக வெளியிட்டு, பின்னூட்டம் வாங்கித் திருத்துவது. ஆனால் இலவசமாக வெளிவந்ததைப் பிறகு எடுக்க எல்லாப் பதிப்பாளரும் முன்வர மாட்டார்கள்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் திரைப்படம், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றனவா, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்ப வரும் என்று பாருங்கள். மற்ற விவரங்களைப் பேசித் தீர்க்கலாம், இந்த இரண்டையும் விட்டால் பிறகு பிடிக்க முடியாது.

வேலையை எப்போது விடுவது?

முதல் புத்தகத்துக்குப் பிறகு விடாதீர்கள் என்பதே என் கருத்து. அட்வான்ஸ் என்பது ஒரே தவணையில் வருவதில்லை; கையெழுத்தின்போது, கைப்பிரதி ஏற்கப்பட்டபோது, வெளியானபோது என்று பிரிந்து வரும். விற்பனை அந்த அட்வான்ஸை ஈடுகட்டிய பிறகுதான் ராயல்டி தொடங்கும். ராயல்டிக் கணக்கும் பல பதிப்பகங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். மாதச் சம்பளத்துக்குப் பழகிய வீட்டில் இந்த இடைவெளி சண்டையை மூட்டும். பகுதிநேரமாகவோ ஒப்பந்த வேலையாகவோ மாற்றிக்கொள்ள முடிந்தால் அது நல்ல நடுவழி. இன்னொரு காரணமும் உண்டு: வேலையை விட்டால் கச்சாப்பொருள் வரும் வழியும் அடைபடும். சிஸ்டம் விழுந்த இரவில் யார் யாரைப் பார்த்து என்ன பேசுவார்கள் என்பது வீட்டில் உட்கார்ந்தால் காதில் விழாது.

இரண்டாவது புத்தகத்துக்கு அதே கதாபாத்திரங்களைத் தொடரலாமா என்று பதிப்பாளர் கேட்பார். த்ரில்லரில் வரிசை நாவல்கள் விற்கும் என்பதால் கேட்பார்கள். சம்மதிக்கும் முன் நித்யாவுக்கு இன்னொரு ரகசியம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், முதல் நாவலுக்கு உங்களுக்கு எத்தனை மாதம் பிடித்ததோ அதைவிடக் குறைந்த கெடுவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாவதை எழுதும்போது முதல் நாவலின் புரூஃப் திருத்தம், பேட்டி, விளம்பரம் எல்லாம் அதே மாலை நேரத்தைத்தான் கேட்கும். அந்த வாரத்தில்தான் புரொடக்‌ஷன் சர்வரும் விழும்.